மேடு பள்ளமும் பொம்மை மோட்டாரும்

வண்டி ஓடுவதற்கு வேண்டுவன மூன்று. ஓட்டுகின்ற விசை ஒன்று. உருளுகின்ற சக்கரம் ஒன்று. தாங்குகின்ற தரை ஒன்று. இவற்றுள் முதலிரண்டைப் பற்றி நாம் ஓயாது பேசுகிறோம். எத்தனை குதிரைத் திறன், எவ்வளவு வேகம் என்று கேளாதார் இல்லை. மூன்றாவதாகிய தரையைப் பற்றியோ, வண்டி குப்புற வீழ்ந்த பிறகுதான் நினைக்கிறோம். சமமான தார்ச் சாலையில் இந்த மறதியால் பெருங்கேடு விளைவதில்லை. மேடும் பள்ளமும் கல்லும் சேறுமான நிலத்திலோ, சக்கரம் தரையை விடாது பற்றி நிற்பதைப் பொறுத்தே வண்டியின் வெற்றி தோல்விகள் அமைகின்றன. இதனை விளக்குவதற்கு லாரிகளையும் டிராக்டர்களையும் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. ரேடியோ அலைகளால் இயக்கப்படும், ஒரு முழ நீளமேயுள்ள, பொம்மை மோட்டார் வண்டி ஒன்றே போதும்.

பொம்மை என்றோமே தவிர, இது விளையாட்டாகத் தள்ளத் தக்கதன்று. 1964ஆம் ஆண்டில் கலிபோர்னியாவைச் சேர்ந்த புரூஸ் மேயர்ஸ் என்பவர், வோக்ஸ்வாகன் காரின் உறுப்புகளைக் கொண்டு, கடற்கரை மணலில் ஓடக்கூடிய இலேசான வண்டி ஒன்றை அமைத்தார். அத்தகைய வண்டிகளுக்குப் பகி என்று பெயர். 1979ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனமாகிய தாமியா, அவற்றைப் பத்தில் ஒரு பங்காகக் குறுக்கி, ரேடியோவினால் ஓட்டத் தக்க சிறு வண்டிகளை வெளியிட்டது. அன்று முதல் இத்துறை உலகெங்கும் பரவிற்று. தூரத்தில் நின்றுகொண்டே ஒரு பொருளை ரேடியோ அலையால் ஆட்டிவைக்கலாம் என்பதை நிக்கோலா டெஸ்லா 1898இல் நியூயார்க்கில் ஒரு சிறு படகைக் கொண்டு காட்டினார். நம் குரலை ஊர்தோறும் கொண்டு செல்லும் அலையின் இனத்தைச் சேர்ந்ததே அச்சிறு வண்டியைத் திருப்பும் அலையும் என்பது நேயர்களுக்கு உவப்பளிக்கும் செய்தியாகும்.

மும்பையின் கீழ்த்திசையில், டிராம்பேயை ஒட்டிக் கடற்கழியின் ஓரமாக அமைந்துள்ள சீத்தா கேம்ப்பை அங்கு வாழும் தமிழ் மக்களும், அவர்களுடைய உறவினர்களும் நன்கறிவர். 1976ஆம் ஆண்டில் ஜனதா காலனி என்னும் குடியிருப்பு அகற்றப்பட்டபோது, அங்கிருந்த பல்லாயிரம் மக்கள் இவ்விடத்தில் குடியேற்றப்பட்டனர். தாழ்வும் சதுப்புமாக இருந்த நிலம் நாளடைவில் மேடாக்கப்பட்டு ஊராயிற்று. தரை என்பது தானாக அமைவதன்று, அதனோடு பழகி அதனைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை இம்மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கோடையில் புழுதி, ஆடியில் சேறு, இடையில் கல் பரப்பிய சந்து, மான்கூர்ட் நிலையத்தை நோக்கி விரையும் ஆட்டோ ரிக்ஷா என்றிவற்றிடையே வளரும் ஓர் இளைஞன், யாரோ ஓட்டிக் கழித்த பழைய பகி ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினான் என்று வைத்துக்கொள்வோம். அது நேரே ஓடுகிறது, திருப்பத்தில் புரளுகிறது, மேட்டில் ஒரு சக்கரம் வீணே சுழல, வண்டி நின்றுவிடுகிறது. அவன் என்ன செய்ய வேண்டும்? இக்கேள்விக்குச் சரியான விடை தெரிந்தால் அவன் பணம் மிஞ்சும். தெரியாவிட்டால், பல்சக்கரங்களை ஒவ்வொன்றாக உடைத்து, இத்தொழில் தனக்கு வராது என்ற முடிவுக்கு அவன் வந்துவிடுவான். பின்னது முன்னதினும் பெரிய நஷ்டமாகும்.

முதலில் சஸ்பென்ஷன் என்பதைப் பார்ப்போம். இச்சொல்லுக்குத் தொங்கவிடுதல் என்பதே நேர்ப்பொருள். பண்டைய ஐரோப்பியக் கோச்சு வண்டிகளில் பிரயாணிகள் அமரும் கூண்டைத் தோல் வார்களால் சட்டத்திலிருந்து தொங்கவிட்டிருந்தனர். அதனால் வந்த பெயர் இது. நம் நாட்டார் இதனைத் தமிழிலேயே அறிந்திருந்தனர். சாதாரணக் கட்டை வண்டி வேறு, வில்வண்டி வேறு. அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே இரும்பு வில் வைத்ததனால்தான் அது வில்வண்டி ஆயிற்று. இன்று அவ்வில் சுருளாக மாறிவிட்டது. ஸ்பிரிங் என்று சொல்லுகிறோம்.

ஆனால் வில் மட்டும் போதாது. வில் அமுங்கும்போது மேட்டின் அதிர்ச்சியை வாங்கித் தன்னுள் வைத்துக்கொள்கிறது. அடுத்த கணமே அதனைத் திருப்பித் தந்துவிடுகிறது. வெறும் வில்லின் மேல் அமைந்த வண்டி ஒரு பள்ளத்தைக் கண்டால் பத்து முறை துள்ளும். துள்ளும் நேரத்தில் சக்கரம் தரையை விட்டு விலகியிருக்கும். விலகிய சக்கரத்தால் ஓட்டவும் இயலாது, திருப்பவும் இயலாது, நிறுத்தவும் இயலாது. ஆதலின் துள்ளலை அடக்க ஷாக் அப்ஸார்பர் வேண்டும். சிறு பகியிலுள்ள ஷாக் என்பது எண்ணெய் நிறைந்த ஒரு குழாய். அதனுள்ளே நுண்ணிய துளைகளையுடைய ஒரு பிஸ்டன். சக்கரம் ஏறி இறங்கும்போது பிஸ்டன் நகர, எண்ணெய் அத்துளைகளின் வழியே பிதுங்கிச் செல்கிறது. அவ்வாறு செல்லுங்கால் துள்ளலின் வேகம் வெப்பமாக மாறிக் கழிந்துவிடுகிறது. வில் வாங்கி வைக்கிறது. எண்ணெய் செலவழித்துத் தீர்க்கிறது. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று பொருந்த வேண்டும்.

எண்ணெயின் கெட்டித்தன்மையைச் சென்டிஸ்டோக் என்னும் அளவால் குறிப்பர். தண்ணீரின் அளவு ஏறத்தாழ 1. நாம் தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் சில பத்துகள். விளக்கெண்ணெய் பல நூறு. தேன் பல ஆயிரம். பகியின் ஷாக்கில் பெரும்பாலும் 300 முதல் 500 வரையுள்ள சிலிக்கோன் எண்ணெயை ஊற்றுகின்றனர். அஃதாவது, தேங்காய் எண்ணெயினும் கெட்டி, விளக்கெண்ணெயினும் இளக்கம். அப்படியானால் வீட்டிலுள்ளவற்றைக் கலந்து ஊற்றலாமே என்று சிலர் எண்ணலாம். அது கூடாது. தாவர எண்ணெய் வெப்பத்தில் வெகுவாக இளகிவிடும். சிலிக்கோன் எண்ணெயும் இளகுமெனினும், அம்மாற்றம் மிகக் குறைவு. இருப்பினும், மே மாதத்து மும்பை வெயிலில் ஓட்டுவோர் ஒரு படி கெட்டியான எண்ணெயை ஊற்றுவது நன்று.

இவை பொருந்தியுள்ளனவா என்பதைக் கருவி எதுவுமின்றிச் சோதிக்கலாம். பாட்டரி முதலிய எல்லாவற்றையும் பொருத்திய நிலையில், வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து சமதரையில் விடுங்கள். வயிறு தரையை இலேசாகத் தொட்டும் தொடாமலும் அமுங்கி, ஒரே மூச்சில் எழுந்து நிலைபெறுமானால் சரி. தடால் என்று தரையில் அடித்தால், வில் இளக்கம் அல்லது எண்ணெய் நீர்த்தது. எழுந்த பின்னும் ஆடினால், எண்ணெய் போதாது. அமுங்காமலே பந்துபோல் எகிறினால், வில் மிகக் கடினம். இளைஞர் பலர் செய்யும் பிழை இக்கடைசியானதுதான். கடினமான வில் பலமானது என்று அவர்கள் எண்ணுகின்றனர். வழவழப்பான தரைக்கு அது பொருந்தலாம். கரடான தரையில் அத்தகைய வண்டி சக்கரத்தால் ஓடுவதைவிடக் காற்றில் பறப்பதே மிகுதியாயிருக்கும்.

அடுத்து நோக்க வேண்டுவது உயரம். பத்தில் ஒரு பங்கு அளவுள்ள பகிக்கு, அடித்தட்டுக்கும் தரைக்கும் இடையே ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் இருப்பது தொடங்குவதற்கு ஏற்ற அளவு. கல் மிகுந்த இடத்தில் சற்றுக் கூட்டலாம். கூட்டக் கூட்டத் திருப்பத்தில் புரளும் அபாயமும் கூடும். மூன்றாவது, சக்கரம் கீழே இறங்கும் அளவு. வண்டியின் உடலை மெல்லத் தூக்குங்கள். உடல் எழத் தொடங்கிய பின்னும் சக்கரங்கள் சிறிது நேரம் தரையிலேயே இருக்க வேண்டும். பள்ளம் வந்தால் சக்கரம் இறங்கி அதனைத் தொட வேண்டுமல்லவா? மேட்டுக்கு ஏறும் வழியை மட்டும் பார்த்துப் பள்ளத்துக்கு இறங்கும் வழியை மறப்பவர் பலர். மேற்கூறிய மூன்றையும் சரிசெய்யப் பெரும்பாலும் ஒரு திருகாணியும் சிறிது பொறுமையும் போதும்.

இனி டிபரன்ஷியலுக்கு வருவோம். சீத்தா கேம்ப்பில் ஆட்டோ ஓட்டும் தமிழர்க்கு இதனை விளக்குவது எளிது. அவ்வண்டியின் முன்புறம் ஒரே சக்கரம், பின்புறம் இரண்டு, ஓட்டுவன பின்னவை. ஓட்டுநர் வண்டியை ஒரு முழு வட்டமாகத் திருப்புகிறார் எனக் கொள்வோம். வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும், உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும் செல்கின்றன. இரு பின் சக்கரங்களுக்கும் இடையே ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலம் உண்டு. கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு முழு வட்டத்தில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறத்தாழ 7 மீட்டர் மிகுதியாக ஓட வேண்டியிருக்கிறது. வட்டம் பெரிதாயினும் சிறிதாயினும் இவ்வேறுபாடு மாறுவதில்லை என்பது விந்தை. அது சக்கரங்களின் இடையகலத்தை மட்டுமே பொறுத்தது. நம் சிறு பகியில் இடையகலம் 20 சென்டிமீட்டர் எனில், பாதி வட்டத் திருப்பம் ஒன்றில் 63 சென்டிமீட்டர் வேறுபாடு உண்டாகிறது. அஃதாவது, வெளிச்சக்கரம் இரண்டு சுற்றுக்கும் மேலாகக் கூடுதலாகச் சுழல வேண்டும். இரண்டையும் ஒரே இரும்பு அச்சில் இறுக்கியிருந்தால் ஏதேனும் ஒன்று தரையில் தேய்ந்து வழுக்கியே ஆக வேண்டும்.

இச்சிக்கலைத் தீர்க்கும் பல்சக்கர அமைப்புக்கு 1827ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுக் கடிகாரத் தொழிலாளர் ஒனேசிபோர் பெக்கூர் என்பவர், தம் நீராவி வண்டிக்காகக் காப்புரிமை பெற்றார். அதன் தத்துவத்தைக் கிணற்றுக் கப்பியால் விளக்கலாம். ஒரு கப்பியின் மேல் கயிற்றைப் போட்டு, அதன் இரு நுனிகளையும் இரண்டு சுமைகளில் கட்டி, கப்பியையே மேலே தூக்குவதாக நினையுங்கள். இரு சுமைகளும் ஒத்திருந்தால் இரண்டும் சேர்ந்து எழும். ஒன்று சற்றுத் தயங்கினால் கயிறு கப்பியில் நகர்ந்து மற்றொன்று மிகுதியாக எழும். ஆனால் கயிற்றின் இரு பக்கத்திலும் இழுவிசை எப்போதும் சமமே. டிபரன்ஷியலும் இவ்வாறே இரு சக்கரங்களுக்கும் சமமான விசையைப் பகிர்ந்து, வேகத்தை மட்டும் அவற்றின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது.

இந்தச் சமநீதியிலேதான் அதன் குறையும் அடங்கியிருக்கிறது. கயிற்றின் ஒரு நுனியில் சுமையே இல்லை என்று கொள்வோம். அந்த நுனி சரசரவென்று ஓடிவிடும். மற்றைச் சுமை அசையாது. அவ்வாறே, ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பிவிட்டால் அதனைச் சுழற்ற விசை ஏதும் தேவைப்படுவதில்லை. இல்லாத விசையில் சமபங்கு என்றால் மற்றைச் சக்கரத்துக்கும் ஒன்றுமில்லை என்றே பொருள். மழைக்காலத்தில் ஆட்டோவின் ஒரு பின் சக்கரம் சேற்றில் சுழன்றுகொண்டிருக்க, உலர்ந்த தரையில் நிற்கும் மற்றைச் சக்கரம் வாளா இருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். காரணம் இதுவே.

சிறு பகிகளில் இக்குறையை இருவகையாகக் குறைக்கின்றனர். முதல் வகையில், டிபரன்ஷியலின் பெட்டிக்குள் கெட்டியான சிலிக்கோன் எண்ணெயை நிரப்புவர். இங்கே அளவு நூற்றுக் கணக்கில் அன்று, ஆயிரக் கணக்கில். தேனுக்குள் சுழலுவதுபோல் பல்சக்கரங்கள் சுழல்வதால், ஒரு சக்கரம் தன்னிச்சையாக ஓடிவிட இயலாது. இரண்டாம் வகையில் பல்சக்கரங்களே இல்லை. இரு தட்டுகளுக்கு நடுவே சிறு குண்டுகளை வைத்து ஒரு திருகாணியால் இறுக்குவர். இங்கிலாந்தைச் சேர்ந்த செசில் ஷூமாக்கர் 1980ஆம் ஆண்டளவில் இம்முறையைச் சிறு கார்களுக்குக் கொண்டுவந்து புகழ்பெற்றார். திருகாணியை இறுக்கினால் இறுக்கம், தளர்த்தினால் தளர்ச்சி. நான்கு சக்கரங்களும் ஓட்டுகின்ற பெரிய பகிகளில் முன்னே ஒன்று, நடுவே ஒன்று, பின்னே ஒன்றாக மூன்று டிபரன்ஷியல்கள் உண்டு. பின்னதில் 3000, முன்னதில் 5000, நடுவில் 7000 சென்டிஸ்டோக் என்பது போன்ற அளவில் தொடங்குவது பலர் வழக்கம். பின்னது இளக்கமாயிருந்தால் திருப்பத்தில் பின் சக்கரங்களின் பிடிப்பு கூடும். நடுவில் உள்ளது மிக இளகினால், விசையைக் கூட்டும்போது முன் சக்கரங்கள் வீணே சுழலும்.

இப்பொழுது நம் இளைஞனிடம் திரும்புவோம். மேட்டுத் திருப்பத்தில் அவன் வண்டியின் உட்சக்கரம் வீணே சுழல்கிறது. அவன் உடனே கண்ட குற்றவாளி டிபரன்ஷியல். அதனைத் திறந்து இன்னும் கெட்டியான எண்ணெயை ஊற்றுகிறான். அல்லது திருகாணியை முழுதும் இறுக்கிவிடுகிறான். சக்கரம் வீணே சுழல்வது நிற்கிறது. ஆனால் வண்டி இப்போது திருப்பத்தில் திரும்ப மறுத்து நேரே செல்கிறது. விசையைக் கூட்டினால் வால் சட்டென்று சுழல்கிறது. சில நாளில் பல்சக்கரத்தின் பல் தெறிக்கிறது, அல்லது குண்டுகள் தேய்ந்து தட்டு கருகுகிறது. அவன் நோயை விட்டுவிட்டு நோயின் குறியை அடக்கினான். அந்தச் சக்கரம் ஏன் சுழன்றது? அது தரையில் இல்லாததனால். ஏன் தரையில் இல்லை? வில் கடினமாக இருந்ததனால், அல்லது இறங்குவதற்கு இடமில்லாததனால். சஸ்பென்ஷன் செய்யத் தவறிய வேலையை டிபரன்ஷியலின் தலையில் சுமத்தியதே இங்கு நேர்ந்த தவறு.

ஆகவே ஒழுங்கு இதுதான். முதலில் தரையைப் பாருங்கள்: புழுதியா, சேறா, கெட்டி மண்ணா? இரண்டாவது, அத்தரைக்கு ஏற்ற டயர்: புழுதிக்கு நெருங்கிய சிறு முட்கள், சேற்றுக்கு இடைவெளி விட்ட நீண்ட முட்கள். மூன்றாவது, மேலே கூறிய முறையில் சஸ்பென்ஷன். நான்கும் சக்கரமும் தரையில் நிற்கின்றன என்று உறுதியான பின்னரே, கடைசியாக, டிபரன்ஷியல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியதையும் விளைவையும் ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், நன்மை எதனால் வந்தது, தீமை எதனால் வந்தது என்று அறிய வழியில்லை. பழைய நிலைக்குத் திரும்பவும் வழி தெரியாது போகும். இவ்வண்டிகள் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தையும் எட்டக் கூடியவை. எனவே குழந்தைகள் நடமாடும் சந்திலும், வாகனங்கள் செல்லும் சாலையிலும் ஓட்டாமல், திறந்த வெளியில் ஓட்டுவதே முறை.

தரையை முதலில் அறிதல் என்னும் இந்நெறி பொம்மைக்கு மட்டும் உரியதன்று. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அத்திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல். அதிலிருந்து வெளிவந்த பிரக்யான் என்னும் ஊர்தி 26 கிலோ எடையுள்ளது. ஆறு சக்கரங்களை உடையது. அதில் சுருள்வில் கிடையாது. மூட்டுகளால் இணைந்த நெம்புகோல்களே ஒரு சக்கரம் கல்லின் மேல் ஏறும்போது மற்றவற்றைத் தரையில் நிறுத்துகின்றன. நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டிக்குத் துள்ளல் என்பது ஏது? ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார் இருப்பதால், விசையைப் பங்கிடும் டிபரன்ஷியலுக்கும் அங்கே வேலையில்லை. ஆறு சக்கரமும் தரையில் நிற்க வேண்டும் என்ற குறிக்கோள் மட்டும் மாறவில்லை. இதற்கு முன்னரே, சந்திரயான்-2 திட்டத்தின்போது, நிலவின் மண்ணை ஒத்த மண் சோதனைக்குத் தேவைப்பட்டது. அதற்கான பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களிலிருந்து எடுத்துப் பொடியாக்கப்பட்டது. நிலவுக்குச் செல்லும் வண்டியை ஆக்கியோரும் முதலில் மண்ணைத் தேடினர் என்பதை நாம் நினைவிற் கொள்ளத் தக்கது.

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் பலருக்கு வண்டியே வாழ்வு. ஆட்டோவும் லாரியும் டாக்சியும் ஓட்டுவோர், அவற்றைப் பழுது பார்ப்போர், அவர்களுடைய வீடுகளில் வளரும் பிள்ளைகள் எனப் பலர் உளர். தந்தைக்கு இவ்வுறுப்புகள் கையால் தெரியும். பெயரிட்டு விளக்க அவருக்கு நேரமிருப்பதில்லை. மகனுக்கோ மகளுக்கோ பெயர்கள் தெரியும், கை பழகவில்லை. ஒரு முழ நீள வண்டியை இருவரும் சேர்ந்து பாயின் மேல் பிரித்துப் போட்டுப் பூட்டுவார்களானால், தந்தையின் கைத்திறன் பிள்ளைக்குச் சேரும். பிள்ளையின் கணக்கு தந்தைக்குச் சேரும். பள்ளத்தில் இறங்கினாலும் தரையை விடாத சக்கரமே வண்டியை மேட்டுக்கு ஏற்றுகிறது. அச்சக்கரத்தை அவ்வாறு நிறுத்தத் தெரிந்தவனுக்கு, வண்டி பெரிதாயினும் சிறிதாயினும், எந்த ஊரிலும் வேலை உண்டு.